பாலேடும் சிப்பியும்: தியெப் முதல் பிரெஸ்ட் வரை

பிரான்சின் வடமேற்குக் கரை தியெப் துறைமுகத்தை ஒட்டிய வெண்சுண்ணப் பாறைகளிலிருந்து மேற்காக நீண்டு, செய்ன் ஆற்றின் கழிமுகத்தையும் நார்மண்டியின் தாழ்ந்த புல்வெளிகளையும் கடந்து, பிரிட்டானியின் கருங்கல் முனைகளில் அட்லாண்டிக் பெருங்கடலைச் சந்திக்கிறது. குளிர்காலத்தில் இக்கரையோரமாகப் பயணம் செய்பவருக்கு, துறைமுக ஏலக்கூடங்களிலும் வாரச் சந்தைகளிலும் உணவக வாசல்களில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்த பலகைகளிலும் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். கொக்கி சேன்-ழாக் என்னும் அப்பெயர் ஒரு சிப்பியையும் அச்சிப்பியைக் கொண்டு சமைக்கும் உணவையும் ஒருசேரக் குறிக்கிறது. சிப்பியின் வெண்தசையை இளஞ்சூட்டில் பக்குவமாக வேகவைத்து, குழிந்த ஓட்டிலேயே திரும்ப அடுக்கி, வெண்ணெயும் ஒயினும் கிரீம் எனப் பரவலாக அறியப்படும் பாலேடும் சேர்ந்த குழைவான சாற்றை மேலே ஊற்றி, சில வேளைகளில் மேற்புறம் பொன்னிறமாகும்வரை அடுப்பின் மேற்சூட்டில் காட்டிப் பரிமாறுவதே அவ்வுணவின் பொதுவடிவம். பெருநகர உணவகங்களின் விலைப்பட்டியலில் ஆடம்பரப் பண்டமாக இடம்பெற்றுவிட்ட இவ்வுணவு, உண்மையில் துறைமுகமும் மேய்ச்சல் நிலமும் அருகருகே இருப்பதால் பிறந்த வட்டார உணவு என்பதும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதைவிட எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மீனவர்கள் தமக்குத் தாமே வரையறுத்துக்கொண்டதாலேயே இன்றளவும் அது கிடைத்து வருகிறது என்பதும் கரையோரமாகப் பயணித்தால்தான் விளங்கும்.

சிப்பியைப் பற்றி முதலில் சொல்வது முறை. பெக்டென் மாக்சிமுஸ் என அறிவியலார் வழங்கும் இவ்வுயிர் இரண்டு ஓடுகளை உடையது. வலது ஓடு கிண்ணம் போல் குழிந்திருக்க, இடது ஓடு தட்டையாக மூடிபோல் அமைந்திருக்கும். கடலடி மணலில் குழிந்த பக்கத்தைப் புதைத்துக்கொண்டு, தட்டை ஓடு மணற்பரப்போடு சமமாகும்படி கிடப்பது இதன் வழக்கம். ஆனால் பாறையில் ஒட்டி வாழும் மட்டி இனங்களைப் போல் ஓரிடத்திலேயே கட்டுண்டு கிடப்பதில்லை. நட்சத்திர மீன் போன்ற பகை நெருங்கினால், இரு ஓடுகளையும் சடசடவென்று திறந்து மூடி, உள்ளிருந்து பீறிடும் நீரின் விசையால் குதித்து நீந்திச் செல்லும். ஓரத்து மென்படலம் நெடுகப் புள்ளிபுள்ளியாக அமைந்த சிறு கண்கள் நெருங்கி வரும் நிழலை அறிவிக்கின்றன. அக்கண்கள் உள்ளே நுண்ணிய ஆடிகளால் ஒளியைக் குவித்துப் பார்ப்பவை என்பது உயிரியலார் இன்றும் வியந்து பேசும் செய்தி. நீந்துவதற்காக வளர்ந்த தசையே மனிதர் விரும்பி உண்ணும் பகுதி. கொட்டை என்னும் பொருளில் பிரெஞ்சுக்காரர் அதனை நுவா என்பர். அதன் இயல்பான இனிப்புக்குக் கிளைசின் என்னும் அமினோ அமிலம் முக்கியக் காரணம். தசையை ஒட்டிப் பிறைவடிவில் கிடக்கும் உறுப்பு இனப்பெருக்கத்திற்குரியது. ஓர் உடலிலேயே ஆண், பெண் இருபாலும் அமைந்த உயிராகையால் அவ்வுறுப்பின் ஒரு பாதி வெண்மையாகவும் மறுபாதி செம்மஞ்சளாகவும் தோன்றும். பவளம் எனப் பொருள்படும் கொராய் என்பது சந்தையில் அதற்கு வழங்கும் பெயர்.

பாரிசின் சேன்-லசார் நிலையத்திலிருந்து ரூவான் வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் அடையக்கூடிய தியெப், இச்சிப்பியைத் தேடிப் புறப்படுவதற்கு ஏற்ற ஊர். துறைமுகத்திற்குச் சற்றுத் தள்ளி நிற்கும் சேன்-ழாக் கோயில், தமிழகக் கடலோரக் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் எனப் போற்றும் அதே திருத்தூதருக்கு எழுப்பப்பட்டது. இடைக்காலத்தில் ஸ்பெயினின் கலீசியப் பகுதியிலுள்ள அவருடைய கல்லறைக்கு நடந்து சென்ற யாத்திரிகர்கள், பயணத்தை முடித்ததற்குச் சான்றாக அப்பகுதிக் கரையில் கிடைத்த சிப்பி ஓடுகளைத் தொப்பியிலோ தோள்துணியிலோ தைத்துக்கொண்டு திரும்பினர்; கடலே காணாத உள்நாட்டு ஊர்களின் இடைக்காலக் கல்லறைகளிலும் இவ்வோடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருப்பது அவ்வழக்கத்தின் பரப்பைக் காட்டுகிறது. சிப்பிக்குத் திருத்தூதரின் பெயர் வந்தது இவ்வழியில்தான். கோயிலின் உள்ளே 16ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட கற்பட்டையொன்று, தியெப் மாலுமிகள் தொலைதூரக் கரைகளில் கண்ட மக்களை வரிசையாகக் காட்டுகிறது. மரக்கல முதலாளி ழான் ஆங்கோவின் காலத்தில் இவ்வூர்க் கப்பல்கள் எட்டிய தொலைவுக்கு அது கல்லில் எழுதிய கணக்கு. ஓவியர் கமீய் பிசாரோ 1901இல் இக்கோயிலைத் தீட்டினார். சனிக்கிழமைகளில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் சந்தை கூடுகிறது. நவம்பர் நடுவில் துறைமுகத்தில் நடைபெறும் ஹெர்ரிங் மீன், சேன்-ழாக் சிப்பித் திருவிழாவில் கரியடுப்பில் சுடும் மீனின் புகை ஊர் முழுவதும் பரவுகிறது. சிப்பியும் மட்டியும் வெள்ளை மீனும் லீக் என்னும் வெங்காயத் தண்டும் பாலேட்டில் சேர்ந்து வேகும் மார்மித் தியெப்வாஸ், அதாவது தியெப் ஊர்ப் பானை, இங்கு உண்ணத்தக்க சிறப்புணவு; ஆயினும் அதில் சிப்பி பலவற்றுள் ஒன்றாகவே இருப்பதால், அதன் தனிச்சுவையை அறிய விரும்புபவர் மேற்கே செல்ல வேண்டும்.

பாயூ நகருக்கு வடக்கே, இரு குன்றுகளுக்கு இடையில் ஒடுங்கிய போர்-ஆன்-பெசான் சிறிய ஊராயினும் சேன்-ழாக் சிப்பிக்கு நார்மண்டியின் முதன்மைத் துறைகளுள் ஒன்று. ஓவியர் ழோர்ழ் சேரா 1888இல் இங்குத் தங்கிப் புள்ளிகளால் தீட்டிய கடற்காட்சிகளில் தெரியும் துறைக்கரைகளை இன்றும் அடையாளம் காணலாம். இக்கடலில் நீர்மட்டம் ஓதத்தால் பல மீட்டர் ஏறி இறங்குவதால், உள்துறைக்கு மதகுக் கதவுகள் அமைத்திருக்கின்றனர். ஓதம் உச்சத்தை நெருங்கும் மணிகளில் மட்டுமே கதவுகள் திறக்கப்படுவதால், படகுகள் திரும்பும் நேரத்தையும் சிப்பி கரையேறும் நேரத்தையும் கடிகாரத்தைவிடக் கடலே தீர்மானிக்கிறது.

சிப்பியைத் திறக்கும் முறை இத்துறைகளில் கவனித்துப் பார்க்கத் தக்கது. தட்டை ஓடு மேலிருக்கும்படி சிப்பியை இடக்கையில் ஏந்தி, முனை மழுங்கிய, வளையக்கூடிய கத்தியை ஓரத்து இடுக்கில் நுழைத்து, தட்டை ஓட்டின் உட்புறத்தை உரசியபடியே இழுத்தால் தசையின் பிடி அறுந்து மூடி விடுபடும். கத்தி சிறிதே கீழிறங்கினாலும் தசையின் ஒரு படலம் மூடியோடு போய்விடும் என்பதால், தேர்ந்த கைகள் உலோகம் ஓட்டில் உரசும் ஒலியைக் கேட்டே வெட்டுகின்றன. பின்பு கரும்பையாகத் தெரியும் செரிமான உறுப்பையும், சாம்பல் நிற ஓரப்படலத்தையும் விரலால் வழித்தெடுத்து, தசையைக் குளிர்நீரில் ஒருமுறை மட்டும் அலசித் துணியில் ஒற்றி வைப்பர். நீரில் ஊறவிட்ட தசை நீரை உறிஞ்சி எடை கூடும். அப்படிக் கொழுத்த தசை வாணலியில் நீரைக் கக்கி, பொரிய வேண்டியது அவியலாகிவிடும். தசையின் பக்கவாட்டில் ஒட்டிய ஒரு சிறு வெண்துண்டு ஓட்டை நெடுநேரம் இறுக்கிப் பிடிப்பதற்குரிய வேறுவகைத் தசையாதலால் எவ்வளவு வெந்தாலும் மெல்ல முடியாது. அதையும் கிள்ளி எறிய வேண்டும். இவ்வளவும் கழிந்தபின், ஒரு கிலோ தசை கிடைக்க ஏறத்தாழ 7 கிலோ சிப்பி தேவைப்படுகிறது என்பதே இப்பண்டத்தின் விலைக்கு நேரடியான விளக்கம்.

போர்-ஆன்-பெசானுக்கு மேற்கே சிறிது தொலைவில் உள்ள இசிஞி, கடலோடு கொஞ்சமும் தொடர்பற்றது போல் தோன்றும் பசும்புல் சதுப்பு நிலங்களின் நடுவில் இருக்கிறது. ஆறுகள் குளிர்காலத்தில் பெருகிப் பரவும் இத்தாழ்நிலங்களில் மேயும் பசுக்களின் பாலில் உருவாகும் வெண்ணெய்க்கும் பாலேட்டுக்கும் 1986இல் பிறப்பிடப் பெயர்க்காப்பு வழங்கப்பட்டது. இன்ன எல்லைக்குள், இன்ன முறையில் ஆனதற்கே இப்பெயர் உரியது என்று அரசு வரையறுக்கும் ஏற்பாடு அது. நிறத்தில் தந்தமும் சுவையில் மெல்லிய புளிப்பும் கொண்ட இப்பாலேட்டில் 35 விழுக்காட்டுக்குக் குறையாத கொழுப்பு உண்டு. சிப்பியும் பாலேடும் ஒரே ஓட்டில் கூடுவது சமையற்காரரின் கற்பனையால் நேர்ந்ததன்று. காலையில் ஏலக்கூடமும் பால்பண்ணையும் ஒரே சந்தைக்குச் சரக்கு அனுப்பும் நிலவமைப்பால் நேர்ந்தது. நிலத்தில் விளைந்த ஆப்பிளும் இதில் சேர்கிறது. திராட்சை விளையாத நார்மண்டியில் ஒயினின் இடத்தை ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சீதர் பெரும்பாலும் ஏற்கிறது. அதனை வடித்தெடுத்த கல்வதோஸ் என்னும் மதுவும் சில துளிகள் இடம்பெறும்.

நார்மண்டி முறையில் சாறு தயாரிக்கும் வேலை சிப்பியைத் தொடும் முன்பே தொடங்குகிறது. வழித்தெடுத்த ஓரப்படலங்களை மணல் போகப் பலமுறை கழுவி, சிறு வெங்காயமும் கேரட்டும் தைம் தழையும் சேர்த்துச் சீதரில் மிதமாகக் கொதிக்கவைத்து வடிகட்டினால், கடல் மணம் கமழும் தெளிந்த சாறு கிடைக்கும். அதனை மேலும் சுண்டக் காய்ச்சி, பாலேட்டை ஊற்றி, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதம் வரும்வரை அடுப்பில் வைப்பர். கொழுப்பு மிகுந்த பாலேட்டில் திரியக்கூடிய புரதம் குறைவாகையால், சீதரின் புளிப்பு பட்டும் அது திரிவதில்லை. கொழுப்புக் குறைந்த பாலை இங்குப் பயன்படுத்த முயல்பவர் திரிந்த பாலையே காண்பர். சாறு ஆயத்தமான பின்னரே தசை வாணலிக்கு வருகிறது. வெண்ணெய் நுரைத்து அடங்கும் தறுவாயில் தசையை இட்டு, ஒரு பக்கம் நன்கு சிவந்ததும் திருப்பி, மறுபக்கம் சூடேறியவுடனே எடுத்துவிட வேண்டும். மொத்தம் இரண்டு, மூன்று நிமிடங்களுக்கு மேற்பட்டால் நார்கள் சுருங்கி நீரை வெளியேற்ற, தசை ரப்பர் போலாகிவிடும். ஓட்டில் அடுக்கிச் சாறூற்றி மேற்சூட்டில் காட்டும் வழக்கத்தில் இந்த இடர்ப்பாடு இரட்டிப்பாவதால், வாணலியில் அரைவேக்காட்டிலேயே எடுத்துவிடுவது தேர்ந்தவர் முறை. பாலேட்டின் வேலை சிப்பியை மூடி மறைப்பதன்று. அதன் இனிப்பை நாவில் சற்று நீட்டித்து வைப்பதே. இதை உணராமல் மாவும் பாலாடைக்கட்டியும் கனமாகப் பூசித் தரும் உணவகங்கள் துறைமுகங்களிலும் உண்டு என்பது வருந்தத்தக்கது.

பாரிஸ் முறை எனப் புகழ்பெற்ற வடிவம் இதனினும் பகட்டானது. வெண்ணெயில் மாவை வறுத்து மீன்சாறு ஊற்றிக் கெட்டியாக்கும் வெலுத்தே என்னும் அடிப்படைச் சாற்றில் முட்டையின் மஞ்சட்கருவும் பாலேடும் சேர்த்து, ஒயினில் வெந்த சிப்பியோடும் காளானோடும் கலந்து ஓட்டில் நிரப்புவர். கடைகளில் ஓட்டின் விளிம்பைச் சுற்றி மசித்த உருளைக்கிழங்கைப் பூவேலைப்பாடாகப் பிழிவதும் உண்டு. மாவுச்சத்து கருவைத் திரியாமல் காப்பது இம்முறையின் நுட்பம். ஜூலியா சைல்டும் சிமோன் பெக்கும் லூயிசெத் பெர்தோலும் 1961இல் அமெரிக்க வாசகர்களுக்காக வெளியிட்ட பிரெஞ்சுச் சமையல் நூலில் இம்முறை இடம்பெற்றதால், பிரான்சுக்கு வெளியே பலரும் அறிந்த சேன்-ழாக் இதுவே. பாரிசின் உணவகச் சமையற்கட்டுகளில் 1980களுக்குப் பின் குடியேறிய ஈழத் தமிழர் பலர் உழைத்து வந்திருப்பதால், இச்சிப்பியைத் திறந்து கழுவி அடுக்கிய கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு.

செய்ன் விரிகுடா எனப்படும் நார்மண்டிக் கடற்பரப்பு 2018 ஆகஸ்ட் 28இல் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. இச்சிப்பி முட்டையிட்டுப் பெருகும் கோடையைக் காக்க, மே 15 முதல் செப்டம்பர் முடிய பிரெஞ்சுப் படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. அத்தகைய தடை அப்போது பிரித்தானியப் படகுகளுக்கு இருக்கவில்லை. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் பிரித்தானியப் படகுகள் சட்டப்படியே சிப்பி வாரிக்கொண்டிருக்க, ஏறத்தாழ 35 பிரெஞ்சுப் படகுகள் அவற்றைச் சூழ்ந்துகொண்டன. கற்களும் புகைக்குண்டுகளும் பறந்தன, படகுகள் மோதிக்கொண்டன. வன்முறையை எவ்வகையிலும் ஏற்க இயலாது. ஆயினும் கோடை முழுதும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த மீனவர், தாம் விட்டுவைத்ததைப் பிறர் அள்ளிச் செல்வதைக் கண்டபோது கொண்ட சினத்தின் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

நார்மண்டியும் பிரிட்டானியும் கூடும் எல்லையில் மோன்-சேன்-மிஷேல் மடாலயம் எழுந்து நிற்கிறது. இம்மடாலயத்தின் பெயருக்குரிய புனித மிக்கேலின் பெயரால் பதினோராம் லூயி மன்னர் 1469இல் நிறுவிய வீரர் அணியின் கழுத்தாரத்தில் இதே சிப்பி ஓடுகள் கோக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து மேற்கே, சேன்-மாலோவைக் கடந்து எர்கி ஊரை அடையும்போது பாறைகள் இளஞ்சிவப்பு மணற்கல்லாக மாறுகின்றன. எர்கி, சேன்-கே-போர்த்ரியூ, பேம்போலுக்கு அருகிலுள்ள லோகிவி ஆகிய துறைகள் சூழ்ந்த சேன்-பிரியூ விரிகுடாவே பிரெஞ்சுச் சிப்பித் தொழிலின் மிக நுட்பமான பகுதி. ஏப்ரலில் நடைபெறும் சிப்பித் திருவிழாவை இம்மூன்று துறைகளும் முறைவைத்து நடத்துகின்றன.

இவ்விரிகுடாவில் சிப்பி பிடிக்கும் முறை கேட்பவருக்கு நம்ப முடியாததாகத் தோன்றும். உரிமம் பெற்ற படகுகள் மட்டுமே இறங்கலாம். உரிமமுறை 1973இல் வந்தது. படகின் நீளத்துக்கும் இயந்திரத்தின் ஆற்றலுக்கும் வரம்பு உண்டு. வாரத்தில் குறித்த சில நாட்களில், குறித்த மணியில் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் திராக் என்னும் வாரியைக் கடலில் இறக்குகின்றன. முன்புறம் பற்கள் பதித்த இரும்புச் சட்டமும் பின்புறம் இரும்பு வளையங்களால் பின்னிய பையும் உடைய அக்கருவி மணலைக் கீறிச் சிப்பியை வாரும்; வளையங்களின் அகலம் சிறு சிப்பிகள் நழுவி விழும்படி அமைந்தது. பொதுவாக 45 நிமிடங்கள் கடந்தவுடன் எல்லா வாரிகளும் மேலேற்றப்பட வேண்டும். நேரம் கடந்தும் வாருபவரைக் கண்டறிய வானிலிருந்து சிறு விமானம் கண்காணிக்கிறது. மேல்தளத்தில் கொட்டிய குவியலில் அளவுகோலை வைத்துப் பார்த்து, 10.2 சென்டிமீட்டர் அகலம் இல்லாதவற்றை அங்கேயே கடலில் விடுகின்றனர். கடல் ஆய்வு நிறுவனமான இஃப்ரெமெர் ஆண்டுதோறும் விரிகுடாவில் சிப்பி வளத்தை அளந்து தரும் கணக்கே அடுத்த பருவத்தின் நாட்களையும் அளவையும் தீர்மானிக்கிறது. சிப்பியின் ஓட்டிலும் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று போவதால் தோன்றும் ஆண்டு வளையங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். அவற்றுக்கிடையே, வளரும் பருவத்தில் நாளொன்றுக்கு ஒன்றாகப் படியும் நுண்வரிகளைப் பெருக்காடியால் எண்ணி, அவ்வுயிர் வாழ்ந்த கடலின் வெப்பத்தை ஆய்வாளர் பின்னோக்கிப் படிக்கின்றனர்.

சமூகவியலில் பயிற்சியுள்ளோர்க்கு சேன்-பிரியூ வேறொரு வகையில் அறிமுகமான பெயர். சிப்பிக் குஞ்சுகள் ஒட்டி வளர்வதற்குக் கடலில் வலைப்பைகளைத் தொங்கவிடும் ஜப்பானிய முறையை 1970களில் மூன்று ஆய்வாளர்கள் இவ்விரிகுடாவில் முயன்றனர். தொடக்கத்தில் நம்பிக்கை தந்த குஞ்சுகள் பின்னர் போதிய அளவில் ஒட்டவில்லை. காத்து வளர்க்க ஒப்புக்கொண்டிருந்த மீனவருள் சிலர் பொறுமையிழந்து சோதனைப் படுகையையே வாரிவிட்டனர். இந்நிகழ்வை மிஷேல் காலோன் 1986இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தபோது, ஆய்வாளர், மீனவர், சிப்பி ஆகிய மூவரையும் செயல்படுவோராகச் சமமாக வைத்தே விவரித்தார். அறிவியல் ஆய்வுகளைச் சமூகவியல் நோக்கில் காணும் துறையில் அது அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்றாகிவிட்டது. அண்மையில் இன்னொரு தரப்பும் விரிகுடாவுக்குள் வந்திருக்கிறது. மீனவரின் கடும் எதிர்ப்பினிடையே அமைக்கப்பட்ட 62 காற்றாலைகள் 2024இல் முழுமையாக இயங்கத் தொடங்கின. தெளிந்த நாளில் எர்கி முனையிலிருந்து அவை வெண்கோடுகளாகத் தெரிகின்றன.

பிடிபடும் பருவத்தில் சேன்-பிரியூ சிப்பியில் பெரும்பாலும் பவளம் இருப்பதில்லை; கோடையிலேயே முட்டையிட்டு முடித்துவிடுவதே காரணம். தசை மட்டுமே மேசைக்கு வருவதால் சமையலும் இங்கு ஒடுங்கியிருக்கிறது. உப்பிட்ட வெண்ணெயில் சிறு வெங்காயத்தைக் கண்ணாடி போல் வதக்கி, லுவார் ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் விளையும் மஸ்கதே என்னும் உலர்சுவை வெள்ளை ஒயினை விட்டுச் சுண்டவைத்து, ஒரு கரண்டிப் பாலேடும் பார்ஸ்லித் தழையும் சேர்த்து, மேலே ரொட்டித்தூள் தூவிச் சிவக்க வைப்பது பிரிட்டானி முறை. மெல்லிய நெருப்பில் வெண்ணெயில் குழைய வதக்கிய லீக் தண்டைப் படுக்கையாக இட்டுப் பரிமாறுவதும் உண்டு. இவ்விரு பகுதிகளிலும் உண்டு பார்த்த பயணிக்கு, பிரிட்டானியின் சிக்கனமே சிப்பிக்கு அதிக நீதி செய்வதாகப் படலாம். நார்மண்டிச் சாற்றின் நிறைவு வேறு வகையானது, அதனை ரொட்டியால் துடைத்து உண்ணும் இன்பத்தைக் குறைத்து மதிக்கவும் இயலாது.

பெயரைச் சூழ்ந்த வணிகத்தையும் சந்தையில் நிற்பவர் அறிந்திருப்பது நல்லது. வேறு இனங்களைச் சேன்-ழாக் என்று விற்கக்கூடாது எனப் பிரான்சு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்துக் கனடாவும் பெருவும் சிலியும் 1995இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. மறு ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. அதன்பின், உயிரியற்பெயரும் பிடித்த நாடும் குறிக்கப்பட்டிருந்தால் பிற இனத் தசையையும் அப்பெயரோடு விற்கலாம். எனவே உறைந்த பொட்டலத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் பெக்டென் மாக்சிமுஸ் என்று இருக்கிறதா எனப் பார்ப்பதே தக்க வழி. பருவத்தில் கரைக்கே வந்தவர் ஓட்டோடு வாங்குவதே சிறந்தது.

பயணம் முடிவுறும் பிரெஸ்ட் உள்கடலில் சிப்பித் தொழில் ஒருமுறை ஏறக்குறைய அழிந்தே போனது. 1962-63இன் கொடுங்குளிரில் நீர் உறைநிலையை நெருங்க, அங்கிருந்த சிப்பிகள் பெருமளவில் மாண்டன. தாமாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதனால் உள்கடலின் கரையிலுள்ள தந்தூஃப் என்னுமிடத்தில் 1983இல் ஒரு குஞ்சுபொரிப்பகம் நிறுவப்பட்டது. தொட்டிகளில் பொரித்த நுண்குஞ்சுகளைப் பாசியூட்டி வளர்த்து, பின்பு கூடுகளில் கடலுக்கு மாற்றி, சுமார் 3 சென்டிமீட்டர் ஆனதும் கடலடியில் விதைக்கின்றனர். இங்குள்ள சிப்பி நீண்ட காலம் முட்டையிடுவதால் பவளத்தோடு பிடிபடுவதுண்டு. பவளத்தை மசித்துப் பாலேட்டில் கலந்தால் சாறு இளஞ்செம்மை பெறும். ஆனால் சில நுண்பாசிகள் பெருகும்போது உருவாகும் டொமோயிக் அமிலம் என்னும் நச்சு இச்சிப்பியின் உடலில் நெடுநாள் தங்குவதால், அத்தகைய காலங்களில் முழுச்சிப்பி விற்பனை நிறுத்தப்பட்டு, ஆய்வில் தேறிய தசை மட்டுமே விற்கப்படுகிறது. விதைத்த குஞ்சு பிடிக்கத்தக்க அளவை எட்ட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பொரிப்பகத்தின் செலவில் ஒரு பகுதியை மீனவரின் உரிமக் கட்டணமே ஈடுசெய்வதால், தாம் விதைப்பித்த சிப்பியை வாரும் முன்பு ஒரு படகுக்காரர் அக்கட்டணத்தை ஒருமுறைக்கு மேல் செலுத்தியிருப்பார்.